இரயில் நிற்குமிடமும் நடை தொடங்குமிடமும்

பழைய தஞ்சை மாவட்டத்து இருப்புப்பாதைகளை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து செல்வோர்க்கு ஒரு செய்தி விரைவில் புலப்படும். பாதைகளுட் பல கடலை நோக்கி ஓடுகின்றன; கடலை நெருங்கியதும் நின்றுவிடுகின்றன. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி, அகத்தியம்பள்ளி ஆகிய இவை யாவும் ஒவ்வொரு காலத்தில் வண்டி அதற்கப்பால் செல்ல வழியில்லாத கடைசி நிலையங்களாக இருந்தவை. எஞ்சின் தலைமாறிப் பூட்டப்பெற்று வண்டி வந்த வழியே திரும்பிவிடும். ஏறி வந்த மக்கள் இறங்கி நடப்பார்கள்.

இருப்புப்பாதையின் வரலாற்றை எழுதியோர் நெல் மூட்டைகளைப் பற்றியும் துறைமுகங்களைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கின்றனர். பாதை முடிந்த இடத்திலிருந்து, குழந்தையை இடுப்பிலும் கட்டுச்சோற்றுத் தூக்கைக் கையிலும் ஏந்தி நடந்துசென்ற குடும்பங்களைப் பற்றி அவர்கள் எழுதினாரில்லை. அதனைச் சற்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்த நடையில் நம் இல்லத்துப் பெண்மக்களுக்கு இருந்த பங்கு பெரிது. இன்று அது வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதும் நாம் இதனை எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம்.

தென்னிந்தியாவின் தொடக்ககால இருப்புப்பாதைகளில் ஒன்று நம் பகுதியில் இடப்பெற்றதாகும். 'கிரேட் சதர்ன் ஆப் இந்தியா' என்னும் இரயில்வே நிறுவனம் 1861ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலும், 1862இல் திருச்சிராப்பள்ளி வரையிலும் வண்டி ஓட்டியது. அப்பாதை முதலில் அகலப்பாதையாகவே இருந்தது. பின்னர் 1870களில் செலவைக் கருதி அதனை மீட்டர் பாதையாகக் குறுக்கினர். நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு நம் காலத்தில் மீண்டும் அகலமாக்கினர். அகலமாகப் பிறந்து, குறுகி, மறுபடியும் அகன்ற பாதை என்று அதைச் சொல்ல வேண்டும். 1874இல் இந்நிறுவனம் கர்னாடிக் இரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. 1877இல் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக மாயவரத்திற்கு வண்டி வந்தது. மாயவரம் என்பது இன்றைய மயிலாடுதுறை.

இவை ஆங்கிலேய நிறுவனங்கள் இலாபம் கருதி இட்ட பாதைகள். மாயவரத்திலிருந்து பேரளம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்கு 1894இல் திறக்கப்பட்ட பாதையின் கதை வேறு. அது தஞ்சாவூர் ஜில்லா போர்டாருக்குச் சொந்தமானது. நிலவுடைமையாளரிடம் தனி வரி தண்டிச் சேர்த்த பணம் அதற்கு மூலதனமாக அமைந்தது. வண்டி ஓட்டும் பொறுப்பை மட்டும் தென்னிந்திய இரயில்வே ஏற்றுக்கொண்டது. மாவட்டத்து மக்கள் தம் நெல்லிலிருந்து கொடுத்த வரியால் தமக்கென ஓர் இருப்புப்பாதையை அமைத்துக்கொண்டனர் என்பது இன்று பலருக்குத் தெரியாத செய்தி. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலிய கடலோர முஸ்லிம் ஊர்கள் தஞ்சையோடும் மாயவரத்தோடும் நெருங்கி வந்தது இப்பாதையாலும், பின்னர் அது தெற்கே நீட்டப்பட்டதாலுமே ஆகும்.

பாதை இருந்தால் மட்டும் பெண்மக்கள் பயணம் செய்துவிடுவார்களா? அக்காலத்து நம் பெண்கள் வெள்ளைத் துப்பட்டியால் உடல் போர்த்தி, தெருவுக்குள்ளேயே உறவினர் வீடு சென்று மீளும் வழக்கமுடையவர்கள். வெளியூர்ப் பயணம் என்றால் கூண்டு கட்டிய மாட்டுவண்டி. அதன் இருபுறமும் திரை. அத்தகையோரைப் புகைவண்டிக்குக் கொண்டுவந்ததில் ஒரு சட்டப் பிரிவுக்குப் பங்குண்டு. 1890ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே சட்டம், 1891 ஜனவரி முதல் பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த கட்டண வகுப்பில் ஓர் அறையேனும் பெண்களுக்கென ஒதுக்கப்பட வேண்டுமென விதித்தது. வண்டி ஐம்பது மைலுக்கு மேல் ஓடுமாயின் அவ்வறையில் கழிப்பிடமும் இருக்க வேண்டும். அறிந்தே அதனுள் நுழையும் ஆடவருக்கு நூறு ரூபாய் வரை அபராதம். அந்நாளில் நூறு ரூபாய் என்பது சிறிய தொகையன்று. மாயவரம் - முத்துப்பேட்டைப் பாதை ஐம்பத்துநான்கு மைல் நீளமுடையது. நான்கு மைல் குறைந்திருந்தால் நம் பாட்டிமார் பட்டிருக்கக்கூடிய தொல்லையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

மிகக் குறைந்த வகுப்பு என்று சட்டம் குறித்ததைக் கவனிக்க வேண்டும். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு முதல் வகுப்பில் தனியறை அமர்த்திக்கொள்ள எப்பொழுதும் வழி இருந்தது. நெசவாளர், சிறு வணிகர், குத்தகைக்காரர் ஆகியோரின் வீட்டுப் பெண்கள் தாய், மகள், மருமகள், அண்டை வீட்டார் எனக் கூட்டமாகப் பயணம் செய்ய இச்சட்டமே வாய்ப்பளித்தது.

அவர்கள் எங்கே சென்றார்கள் எனின், முதலாவதாக நாகூருக்குச் சென்றார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு ஒரு சிறு கிளைப்பாதை இடப்பெற்றது. சில மைல் நீளமே உள்ள பாதை. அதை இட்டதற்குத் தர்காவுக்கு வரும் மக்கள் கூட்டத்தை விட வேறு வலுவான காரணம் காண்பதரிது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, நெடுந்தொலைவு பயணம் செய்து, இறுதியில் நாகூரில் தங்கினார்கள் என அவர்களின் வரலாறு கூறுவோர் உரைப்பர். தர்காவின் ஐந்து மனாராக்களுள் மிக உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். 131 அடி உயரமுள்ள அந்தப் பெரிய மனாரா, மேடு பள்ளமற்ற நம் கழனி நாட்டில் நெடுந்தொலைவிலேயே தென்படும். வண்டியின் சன்னலில் அதை முதலில் கண்டவர் யார் என்பதில் பிள்ளைகளிடையே போட்டி நடப்பது வழக்கம்.

நாகூர் நிலையத்தில் இறங்கியவர்க்கு வண்டி வாகனம் எதுவும் தேவைப்படவில்லை. தர்கா நடை தூரத்தில் உள்ளது. அங்கிருந்து கிழக்கே நடந்தால் சில்லடிக் கடற்கரை. ஆண்டகையவர்கள் தனித்திருந்து வணங்கிய இடமெனப் போற்றப்படுவது அது. வடக்கே வெட்டாற்றைக் கடந்து சென்றால் வாஞ்சூர். அங்கும் அவர்கள் தங்கியதாகச் சொல்லப்படும் இடம் உண்டு. ஆகவே நாகூருக்கு வந்த குடும்பம் தர்காவை மட்டும் கண்டு திரும்புவதில்லை. காலையில் தர்கா, நண்பகலில் கட்டுச்சோறு, வெயில் தாழ்ந்தபின் சில்லடி, அடுத்த நாள் வாஞ்சூர் என்று ஒரு நடைத் திட்டமே எழுதாமல் அமைந்திருந்தது. கடலை முதன்முதலாகக் கண்டது எங்கே என்று நம் குடும்பங்களின் மூத்த பெண்மணிகளைக் கேட்டுப் பார்க்கலாம். பாபநாசத்தாரும் ராஜகிரியாரும் அய்யம்பேட்டையாரும் நாகூர் என்றே சொல்லக் கேட்டிருக்கிறோம். கடலிலிருந்து நாற்பது மைல் உள்ளே பிறந்த ஒரு பெண், வாழ்நாளில் ஒருமுறையேனும் அலையில் கால் நனைத்தாள் என்றால் அதற்கு அந்தக் கிளைப்பாதையும் அதன் பிறகான நடையும் காரணம்.

கந்தூரிக் காலத்தில் நடை வேறு வகையில் பெருகும். ஜமாதுல் ஆகிர் முதற்பிறையில் கொடி ஏறுகிறது. கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகவே வருகின்றன. பத்தாம் இரவில் சந்தனக்கூடும் நாகப்பட்டினத்திலிருந்தே புறப்பட்டு, இரவெல்லாம் ஊர்ந்து, விடியலை ஒட்டி நாகூரை அடைகிறது. பீர் கடற்கரைக்கு ஏகும் நிகழ்ச்சியும் நடையே. இரு நிலையங்களுக்கும் இடையே இருப்புப்பாதை இருந்தும் மக்கள் அவ்விரவில் அதனை நாடாது கூட்டோடு நடந்தனர், இன்றும் நடக்கின்றனர். நாகை வரை இரயிலில் வந்து அங்கிருந்து நடப்பது, அல்லது நாகூர் வரை வந்து கூட்டை எதிர்கொள்வது என இரு வழக்கங்கள் இருந்தன. கந்தூரிக்கென இரயில்வேயினர் தனி வண்டிகள் விட்டனர். அவ்வண்டிகளில் இந்துப் பெருமக்கள் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று பிரித்துக் காண யாரும் முயன்றதில்லை. முயன்றாலும் இயன்றிருக்காது.

நாகப்பட்டினத்தில் மற்றொரு நடையும் இருந்தது. அது மகிழ்ச்சி நடை அன்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல்கள் இத்துறையில் ஆளேற்றிச் சென்ற காலத்தில், பயணம் செல்வோரை வழியனுப்பக் குடும்பமே இரயிலேறி வரும். 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பலின் பெயர் தெரியாத முஸ்லிம் வீடு டெல்டாவில் அரிது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகிலேறி அதற்குச் செல்ல வேண்டும். ஆதலால் வழியனுப்ப வந்தோர் கரையிலேயே நின்றுவிடுவர். நிலையத்திலிருந்து கரை வரை ஒன்றாக நடந்தவர்கள், திரும்பும்போது ஒருவர் குறைந்து நடப்பார்கள். அவ்வாறு சென்றவர்கள் சென்ற இடத்திலும் நாகூரை மறக்கவில்லை. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் அவர்கள் எழுப்பிய நாகூர் தர்காக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அது நம் மாவட்டத்தில் இருப்புப்பாதை வருவதற்கு முப்பது ஆண்டுகள் முந்தியது.

கடற்கரை நிலையங்களை விட்டு உள்நாட்டுக்கு வருவோம். தஞ்சைக்கும் கும்பகோணத்திற்கும் இடையே வண்டி வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எனக் காவிரியின் கிளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. இடையிலுள்ள அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம் நிலையங்களில் இறங்கி, ஆற்றங்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் நடந்து ஊர் சேர்வது அன்றாட வழக்கம். திருமணத்திற்கு வந்த விருந்தினர், பெருநாள் முடிந்து மகளைக் காணச் செல்லும் தாய் தந்தையர், விடுமுறையில் நன்னா வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள் அனைவரும் அப்படி நடந்தவர்களே. நம் நாட்டில் ஆற்றின் கரை, வெள்ளத்தைத் தடுக்க மனிதர் மண்ணிட்டு உயர்த்திய கரை. வயலை விட உயர்ந்தது, மழையிலும் பெரும்பாலும் கால் புதையாதது, மரநிழல் உடையது. நடப்பதற்கென்றே அமைத்தது போன்ற இக்கரைகள் ஆயிரக்கணக்கான மைல் நீளம் உள்ள நாட்டில் வேறு நடைபாதை எதற்கு?

அந்த நடையில் பிள்ளைகள் கற்றதும் மிகுதி. எது குறுவை, எது சம்பா, எது தாளடி என்பதை நாற்றின் உயரத்தையும் மாதத்தையும் கொண்டு சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அன்று இருந்தனர். மேட்டூர் அணை 1934இல் முடிந்தபின், ஜூன் 12ஆம் நாளை ஒட்டி நீர் திறப்பதும், அது கல்லணை கடந்து தம் ஊர் வாய்க்காலுக்கு என்று வரும் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். இதை யாரும் பாடமாக நடத்தவில்லை. அத்தா முன்னே நடந்துகொண்டே சொன்னதுதான்.

இரயிலேறிச் சென்று நடப்பது உலகின் பிற பகுதிகளிலும் ஏறத்தாழ இதே காலத்தில் தோன்றியிருப்பதைக் காணலாம். இங்கிலாந்தில் 1841 ஜூலை 5ஆம் நாள் தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லோபரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் இரயிலில் அழைத்துச் சென்றார். உலகப் புகழ் பெற்ற பயண நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அன்றைய பயணத்தின் நோக்கம் மதுவிலக்குக் கூட்டத்தில் கலந்துகொள்வது என்பதை நம் வாசகர்கள் விரும்பிக் கேட்பார்கள். பின்னாளில் மான்செஸ்டர், ஷெபீல்டு முதலிய ஆலை நகரங்களின் தொழிலாளர்கள் ஞாயிறுதோறும் இரயிலேறி மலைப்புறங்களுக்குச் சென்று நடந்தனர். வேட்டைக்கென வேலியிட்டுக் காத்த நிலங்களில் நடக்கும் உரிமை கேட்டு, 1932 ஏப்ரல் 24இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் அவர்கள் அத்துமீறி நுழைந்து சிலர் சிறையும் சென்றனர். நம் நாட்டில் ஆற்றங்கரையில் நடக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியிருந்ததில்லை. இருந்த அந்த வசதியைப் போராட்டம் ஏதுமின்றி நாமாகவே கைவிட்டோம் என்பதுதான் வேறுபாடு.

எப்படிக் கைவிட்டோம் என்பதை இனிக் காண்போம். 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பெற்றது. பேருந்துகள் ஊர்தோறும் வந்தன. அது நன்மையே. 1970களின் நடுவிலிருந்து நம் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டினர்; விடுமுறையில் வந்தபோது வாடகைக் கார் அமர்த்தினர்; பிறகு சொந்த வாகனம் வாங்கினர். பயணிகள் குறைந்தனர் என்று இரயில்வே கிளைப்பாதைகளை மூடத் தலைப்பட்டது. 1926இல் திறந்த மயிலாடுதுறை - தரங்கம்பாடிப் பாதை 1986இல் மூடப்பட்டது. 1898இல் திறந்த பேரளம் - காரைக்கால் பாதை அடுத்த ஆண்டில் மூடப்பட்டது. எஞ்சிய பாதைகளை அகலமாக்கும் பணிக்காக வண்டிகள் ஆண்டுக்கணக்கில் நின்றன. விழுப்புரம் - மயிலாடுதுறைப் பகுதி 2006இன் இறுதியிலிருந்து 2010 வரை நின்றது. திருவாரூர் - முத்துப்பேட்டை - பட்டுக்கோட்டைப் பாதையில் 2012இல் நின்ற வண்டி 2019இல்தான் மீண்டும் வந்தது. ஏழாண்டு என்பது ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்து ஆறாம் வகுப்புக்குச் செல்லும் காலம். நிலையத்திற்கு நடந்துசென்று சீட்டு வாங்கும் பழக்கம் ஒரு வீட்டில் மறைவதற்கு அவ்வளவு காலம் போதும். இடையில் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைச் சூறையாடியது. பல்லாயிரம் உயிர்களை இழந்த அக்கரையில் குழந்தைகளை அழைத்துச் சென்று நடக்கப் பலருக்கு நெடுநாள் மனம் வரவில்லை.

காரால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அது பெரும் உதவி, அதை மறுப்பதற்கில்லை. ஆடவர்க்கும் இழப்பு மிகுதியில்லை. அவர்கள் கடைவீதிக்கும் பள்ளிவாசலுக்கும் எப்படியும் நடக்கிறார்கள். இழந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். கார் வீட்டு வாசலில் ஏற்றி தர்கா வாசலில் இறக்கிவிடுகிறது. கூண்டு வண்டியின் திரைக்குப் பதிலாக இப்பொழுது கறுப்புக் கண்ணாடி. ஓட்டுநர் காத்திருக்கிறார் என்று தர்காவோடு பயணம் முடிந்துவிடுகிறது. சில்லடிக்குச் செல்வோர் குறைவு, வாஞ்சூருக்கு நடப்போர் அதனினும் குறைவு. மாமியும் மருமகளும் அண்டை வீட்டு ராத்தாவும் ஒரே அறையில் அமர்ந்து, முன்பின் அறியாத பிற சமயத்துப் பெண்களோடு சோற்றைப் பகிர்ந்து, பின்னர் வரிசையாக மணலில் நடந்த அந்த அரைநாள் விடுதலை, ஐவர் அமரும் காரில் இல்லை. வசதி பெருகிய காலத்தில் நம் பெண்மக்களின் நடமாட்டம் சுருங்கியிருக்கிறது என்று நாம் கருதுவதற்கு இதுவும் ஒரு சான்று.

பாதைகள் மெல்லத் திரும்பி வருகின்றன. 2011 டிசம்பரில் நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையே புதிய பாதை திறக்கப்பட்டது. நாகூர் இப்பொழுது கடைசி நிலையமன்று. தஞ்சையில் ஏறிய குடும்பம் நாகூரில் இறங்கித் தர்காவையும் கடற்கரையையும் கண்டபின் மீண்டும் வண்டியேறிக் காரைக்காலில் மஸ்தான் சாகிப் வலியுல்லாஹ் தர்காவுக்கும் செல்லலாம்; இரண்டிடத்திலும் நடையே போதும். பேரளம் - காரைக்கால் பாதையும் 2025இல் மீண்டும் இடப்பட்டு முடிந்திருக்கிறது. முத்துப்பேட்டையில் இறங்குவோர்க்கு ஜாம்பவானோடை தர்காவும், படகேறினால் அலையாத்திக் காடும் உண்டு.

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் அகலப்பாதை திறக்கப்பட்டது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல இதனினும் சிறந்த பாதை வேறில்லை என்பது நம் கருத்து. அகத்தியம்பள்ளியின் உப்பளங்களில்தான் 1930 ஏப்ரல் 30இல் இராஜாஜி உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார். ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம் வழியாக இம்மாவட்டம் முழுவதும் அவர் நடந்தே வந்தார். உணவும் உறைவிடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தபோது, மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். இரயில் இருந்த நாட்டில், அதனை விடுத்து நடந்து சென்றதாலேயே அச்செய்தி வழியிலுள்ள ஊர்தோறும் பரவியது. சித்திரை வெயிலில் அவர்கள் நடந்தனர். நம் பிள்ளைகளை மார்கழி, தை மாதங்களில் அழைத்துச் செல்வதே முறை. அப்பொழுது அப்பால் உள்ள கோடிக்கரைக்குப் பறவைகளும் வந்திருக்கும்.

தரங்கம்பாடிப் பாதை மட்டும் திரும்பவில்லை. 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டையும், 1792ஆம் ஆண்டின் நகர வாயிலும், தமிழில் நூல் அச்சிட்ட சீகன்பால்கின் நினைவிடங்களும் உள்ள அவ்வூருக்கு, மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாக அறுபது ஆண்டுகள் வண்டி ஓடியது. இறங்கியவர்கள் நகர வாயிலினுள் நுழைந்து, அரசத் தெருவில் நடந்து, கோட்டையின் முன்புள்ள கடல் வரை செல்வார்கள். இன்று அங்கே வருவோர் கோட்டைக்கு எதிரிலேயே காரை நிறுத்துகின்றனர். பாதையை மீண்டும் இடுமாறு மயிலாடுதுறைப் பகுதி மக்கள் இன்னும் கேட்டு வருகின்றனர்.